பனி உருகாத இடம்

மூன்றாவது முறையும் சுற்றி முடித்து
மணியடித்தது டிரையர்.
கையை விட்டுப் பார்த்தேன்.
துண்டுகள் சூடாகவும் இருந்தன, ஈரமாகவும் இருந்தன,
காய்ச்சல்காரன் நெற்றியைப் போல.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு, வெர்னா.
புதுசு வாங்கிடலாம்" என்றான் கிளேட்டன்.
எழுநூறு டாலர் யோசனை.
சோஃபாவிலிருந்து எழாமலே சொல்லிவிடலாம்.

டுலூத்தில் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
விடியுமுன் ஐந்தரைக்கு
நான் பள்ளிப் பேருந்தைக் கிளப்பியாக வேண்டும்.
ஈரக் கையுறையோடு கதவுக் கம்பியைப் பிடித்தால்
கையைத் திருப்பித் தர
அது கொஞ்சம் யோசிக்கும்.

குப்பை கொட்டப் போனபோதுதான் கண்ணில் பட்டது.
கிழக்குச் சுவரில், டிரையர் மூச்சுவிடும் மூடிக்குக் கீழே,
எல்லாக் குளிர்காலத்திலும்
ஒரு மிதியடி அளவு தரை
பனி பிடிக்காமல் கிடக்கும்.
காது கிழிந்த முயல் ஒன்று
வாடகை தராத குடித்தனமாய்
அங்கே உட்கார்ந்திருக்கும்.
இந்த வருடம் அங்கேயும் முழங்கால் பனி.
முயலையும் காணோம்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
இறங்க மாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொள்ளும் பையனை
பஸ்ஸிலிருந்து இறக்குவதுபோல
அசைத்து, அசைத்து, மெஷினை முன்னால் இழுத்தேன்.
பின்னால் வெள்ளித்தாள் குழாய்
அப்பளமாய் நசுங்கிக் கிடந்தது.
யார் என்று கேட்கவில்லை.
போன நவம்பரில் இதைச் சுவரோடு சுவராகத் தள்ளி
"பார், எவ்வளவு இடம் மிச்சம்" என்றவனோடுதான்
குடும்பம் நடத்துகிறேன்.

எதிர்வீட்டு டுவேன் நீளக்கம்பிப் பிரஷ் இரவல் தந்தார்.
ட்ரில்லில் மாட்டிச் சுழற்ற வேண்டும்.
"வலப்பக்கமே சுத்து.
இடப்பக்கம் சுத்தினா மரை கழண்டு
தலை உள்ளேயே நின்னுடும்."
தன் வீட்டுச் சுவருக்குள் அப்படி ஒன்று இருப்பதை,
மனைவிக்குத் தெரியாது என்று,
குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வந்தது.
முதலில் வெறும் சாம்பல் நிறம்.
பிறகு கிளேட்டனின் சிவப்புச் சட்டை,
பிறகு ஊதா, ஊதா, ஊதா:
சொல்வேக் பதினாறு வயதில்
வேறெதையும் உடுத்த மறுத்த அந்தக் குளிர்காலம்.
அதற்கும் உள்ளே, நீளநீளமாய் வெள்ளை ரோமம்.

நாங்கள் நாய் வளர்த்ததில்லை.

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம்.
விற்றவர்களின் கையெழுத்தை மட்டும்
பத்திரத்தில் பார்த்திருக்கிறேன்.
அவர்கள் நாயின் இடுக்கு வழியாகத்தான்
எங்கள் துணிகள் இத்தனை நாள்
மூச்சுவிட்டிருக்கின்றன.

யாரோ ஒரு சூரர்
மூட்டுக்கு மூட்டு திருகாணி போட்டிருந்தார்.
உள்ளே நீட்டிய ஒவ்வொரு நுனிக்கும்
ஒரு தாடி.
மெஷினை ஒட்டிய வளைவில்
ஒரு கொத்து மட்டும்
விளிம்பில் பழுப்பு. நடுவில் கருப்பு.
முகர்ந்தேன்.
கருகிய ரொட்டி வாசனை.

அதைக் கொண்டுபோய்
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.
அப்புறம் அணைத்தான்.
எழுந்தான்.

கடை மூடுமுன் போய்
கெட்டித் தகரக் குழாய் வாங்கிவந்தவன் அவன்தான்.
திருகாணி வேண்டாமென்று
மூட்டுகளை உலோக டேப்பால் சுற்றியவனும் அவன்தான்,
காயத்துக்குக் கட்டுப்போடுகிற மாதிரி
தேவைக்கு மேல் இரண்டு சுற்று.
"எத்தனை ராத்திரி இதை ஓடவிட்டுட்டுத் தூங்கியிருக்கோம்?"
என்று குழாயிடம் கேட்டான்.
நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் மணி.
வெளியே போய்ப் பார்த்தேன்.
மூடி வாயைத் திறந்து
வெள்ளையாய், தடிமனாய்,
சோப்பு வாசனையோடு ஊதிக்கொண்டிருந்தது.
அதன் முன்னால் கையுறையில்லாமல்
ஒரு நிமிடம் நின்றேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது;
எரியட்டும்.

வியாழக்கிழமைக்குள்
ஒரு தட்டு அளவு தரை தெரிந்தது.
சனிக்கிழமை, பனியில் தடங்கள்:
வேலியோரமாக வந்து,
பாதி வழியில் நின்று,
திரும்பிப் போயிருந்தன.

இன்று ஞாயிறு. அழுக்குத் துணி ஒன்றும் இல்லை.
இருந்தாலும் நான்கு துண்டுகளை நனைத்து
உள்ளே போட்டிருக்கிறேன்.