நாற்பத்து மூன்று

பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு
மோட்டாரில் வாளி பார்க்கப் போகிறேன்.
இரண்டு ஹெக்டேருக்கு ஒரு வாளி.
கம்பில் தொங்கும், மேலே குறுக்காக இரண்டு தகரம்,
நடுவில் ஒரு பொட்டலம்.
பொட்டலத்தில் இருப்பது ஆண் வண்டின் அழைப்பு.
நம் மூக்குக்கு அது
பழுத்த அன்னாசி, கொஞ்சம் பழைய எண்ணெய்.

தகரத்தில் மோதி விழுந்தவை
ஒன்றையொன்று மிதித்து ஏறப் பார்க்கும், ராத்திரி முழுக்க.
கரகர சத்தம் பக்கத்து நிரையிலேயே கேட்கும்.
வயிற்று நுனியில் செம்பட்டை மயிர் இருந்தால் பெண்.
மழமழவென்றால் ஆண்.
நோட்டில் இரண்டு கட்டம்.

பதினொரு வருஷம் முதுகில் பம்பு சுமந்தவள் நான்.
குருத்துக்குள் மருந்து ஊற்றினால் வண்டு சாகும்.
பூவுக்கு வரும் குட்டி வண்டும் சாகும்,
பிறகு குலையில் பாதி பொக்கு.
என் வலது கட்டைவிரல் நகம்
ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் கழன்று விழுந்தது.
அதற்குக் கிராணியிடம் கட்டம் இல்லை.

இப்போது ஷஃபிகுல்
சாய்த்த பழைய மரங்களின் மக்கிய தண்டைப் பிளக்கிறான்.
அரிசியில் வளர்த்த பூஞ்சணத்தைக் கரைத்து
நான் தெளிக்கிறேன்.
"புழுவுக்குச் சோறா?" என்றான் முதல் நாள்.
இரண்டு வாரம் கழித்துப் பிளந்தோம்:
விறைத்த புழு, மேலெல்லாம் பாசிப் பச்சை.
போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினான்.
என்ன எழுதி அனுப்பினான் என்று நான் கேட்கவில்லை.

எண்ணிக்கை ஏறினால் ஹைருல் முகம் சுளிப்பார்,
வண்டு கூடிவிட்டதா என்று.
இறங்கினாலும் சுளிப்பார்,
பொட்டலம் தீர்ந்துவிட்டதா என்று.
எனக்குத் தெரிந்தது ஓலை மட்டும்தான்.
கத்தரித்தது போல் முக்கோண வெட்டு
போன வருஷம் பத்துக் கன்றில் ஆறு,
இந்த வருஷம் இரண்டு.
அதில் ஒன்று பிழைக்குமா தெரியாது.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.
பொட்டலம் மாற்றிய கையை
மூன்று சோப்பு போட்டுக் கழுவினாலும் வாசம் போகாது.

சனிக்கிழமை காலைக் கணக்கு நாற்பத்திரண்டு.
ராத்திரி ஊத்தான் மெலிந்தாங் மண்டபத்தில்
நாத்தனார் மகள் ஷர்மிதாவின் கல்யாண விருந்து.
பச்சைப் பட்டு, மல்லி, அரை டப்பா பவுடர்.
மொய் வரிசையில் நிற்கிறேன்.
வாசலுக்கு வெளியே செம்பனை இருட்டு.
அங்கிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது,
எனக்குத் தெரிந்த ரீங்காரம்.
மேடை விளக்கு, சர விளக்கு, வீடியோக்காரன் விளக்கு
எல்லாவற்றையும் விட்டுவிட்டு
டப்பென்று என் முந்தானையில்.

நாத்தனார் நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.
யாரோ செருப்பைத் தேடுகிறார்கள்.
கொம்பைப் பிடித்து எடுத்தேன், புரட்டினேன்.
செம்பட்டை.

"பொண்ணு," என்றேன் சத்தமாக.
மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ.
நோட்டு வீட்டில் இருக்கிறது, மறந்துபோகும்.
மொய் எழுதுகிறவர் பக்கம் குனிந்து
"நாற்பத்து மூன்று, குறித்துவையுங்கள்," என்றேன்.
அவர் தலை நிமிராமல் கேட்டார்:
"யார் பேரில்?"