பதினோராவது ஜன்னல்

துய்மா வீதி மஞ்சள் வீட்டுக்கு
ஜன்னல் பதினொன்று என்று போனில் சொன்னார்கள்.
இன்ச் டேப், பென்சில், கோடு போட்ட நோட்டு,
எல்லாம் பிஸ்கட் டப்பாவில் அடைத்து
முத்தியால்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன்.

வீடு பார்க்கப் போகிறவள் இல்லை நான்.
சுவர் எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது
எத்தனை இன்ச் விட்டுக்கொடுத்திருக்கிறது
அதுதான் என் பிழைப்பு.

ஆனாலும் அந்த வீடு
டேப்பை உருவவிடாமல் என்னைக் கொஞ்சநேரம் நிறுத்திவைத்தது.
முற்றத்தில் ஒரு கல்தொட்டி.
வானம் அதில் கிடந்தது, ரெண்டு கெண்டைக்குஞ்சுகளோடு.
மதிலேறிய காகிதப்பூக் கொடி
தன் வீட்டுப் பக்கம் முள்ளையும்
தெருப் பக்கம் பூவையும் வைத்திருந்தது.
மாடிப்படி முழுக்க நீலம்,
எட்டாம் படி மட்டும் வெறும் மரம்.
"பெயின்ட் அடிச்ச அன்னிக்கு அதுல பூனை தூங்கிச்சு,
எழுப்ப மனசு வரல"
என்றார் மதாம் எலோதி.

சமையலறை, நாற்பத்திரண்டுக்கு ஐம்பத்திநாலு.
புத்தக அறை, அதே அகலம், உயரம் மட்டும் ஒரு சாண் அதிகம்.
மாடியில் கிழக்கு ஜன்னல்:
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
நாலு விரல் அகலத்துக்குக் கடல்.
அதையும் நோட்டில் குறித்தேன்,
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில்.
துணி எப்போதும் இரட்டிப்பு வேண்டும்,
சுருக்கம் இல்லாத திரை
காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கும் என்றேன்.
கொக்கி பித்தளையில் இருக்கட்டும்,
இந்தக் காற்றுக்கு இரும்பு ஆறு மாசம் தாங்காது என்றேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பதினோராவது, சாப்பாட்டு அறையில்.
பச்சைப் பலகைக் கதவு, எண்ணெய் போட்ட தாழ்.
சுலபமாகத்தான் திறந்தது.
உள்ளே சுவர்.
சுண்ணாம்பு, ஒரு மெல்லிய விரிசல்,
மூலையில் பல்லி முட்டை ஒன்று.

"எதிர்ச் சுவர்ல ஒரு ஜன்னல் இருக்குல்ல,
அதுக்கு ஜோடியா வெச்சிருக்காங்க.
ரூமுக்கு முகம் கோணிடக் கூடாதுன்னு."

"இதுக்கும் தைக்கணுமா மதாம்?"

"இதுக்குத்தான் முதல்ல."

அகலம் முப்பத்தெட்டு. உயரம் எழுபத்தொன்று.
பழக்கதோஷம், கேட்டே விட்டேன்:
வெயிலுக்கு லைனிங் வைக்கவா?
கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
சுவரைப் பார்த்து நிஜமாகவே யோசித்தார்.
"வேணாம்.
கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்."

ஆறு நாற்காலி போட்ட மேசை அது.
ஐந்தில் மெத்தை புதுசு போல் இருந்தது.
அந்த ஜன்னலைப் பார்த்த ஒன்றில் மட்டும்
பூவேலை தேய்ந்து நூல் தெரிந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அளவு எடுக்க வந்தவள்.

மாட்டப் போன அன்று ஐப்பசி மழை.
பத்துத் திரைகளும்
ஆளுக்கொரு பக்கம் மூச்சு விட்டன.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
மடிப்புக்குள் நாணயம் அளவில் ஈயம் வைத்துத் தைப்பது வழக்கம்.
பதினோராவதற்கு மட்டும் வைக்கவில்லை.
பூனை கடந்து போனது.
திரையின் கீழ்விளிம்பு
ஒரு விரற்கடை நகர்ந்து
திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது.
மதாம் பில்லைப் பார்க்காமலேயே
பதினொன்றுக்கும் பணம் எண்ணினார்.

மிச்சத் துணி ஒன்றரை மீட்டர்.
எங்கள் வீட்டுக்கு ஜன்னல் ஒன்றே ஒன்று.
திறந்தால் கை நீட்டும் தூரத்தில்
பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு குழாய்,
குழாயில் யாரோ குளிக்கும் சத்தம்.
பதினெட்டு வருசமாய் ஊருக்கெல்லாம் தைக்கிறேன்,
அதன் மேல் ஒருநாளும் டேப் வைத்ததில்லை.

ராத்திரி தர்ஷிகா தூங்கினபிறகு வைத்தேன்.
பன்னிரண்டு என்று எண் போட்டு
அகலம் இருபத்தாறு,
உயரம் முப்பத்திமூன்றரை.

லைனிங் என்ற இடத்துக்கு வந்ததும்
பென்சில் முனையை ஒருதரம் சீவிக்கொண்டேன்.