ஈர எடை

எங்கள் கடைத் தராசு
இறைச்சியை மறந்து ஒன்றரை வருடம்.
கொக்கிகளில் இப்போது தொங்குவது
துவைத்துப் போட்ட என் மேலங்கி மட்டும்.
வீட்டுக்காரர் வெர்டூன் பக்கம்
ஏதோ ஒரு சேற்றில் சமையல் வண்டி தள்ளுகிறார்.
'கத்தி மழுங்கிவிட்டது, ஒட்டிலி' என்று எழுதுகிறார்.
தணிக்கைக்காரன் அந்த வரியை அடிக்கவில்லை.
அதில் அவனுக்கு ரகசியம் எதுவும் தெரியவில்லை.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து
கண்ணாடியில் காகிதம் ஒட்டினார்:
சேகரிப்பு நிலையம், எண் நான்கு.
ஒரு பேரேடு, ஒரு முத்திரை,
மைக்குத் தட்டுப்பாடு என்று இரண்டு பென்சில்.
அன்றிலிருந்து நான்தான் அரசாங்கம்.

முதலில் செம்பு.
ஜாம் காய்ச்சும் அண்டா, கதவுக் குமிழ்,
பாதிரியார் கால் கழுவும் பேசின்.
கூண்டு வாசலைவிட மணி பெரிது என்பதால்
மேலேயே வைத்து உடைத்தார்கள்.
சம்மட்டி விழ விழ
ஜெபத்துக்கு ஊரை அழைத்துக்கொண்டே உடைந்தது.
தெருவில் இரண்டு பேர்
பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார்கள்.

பிறகு பிள்ளைகள்.
ராணுவச் சட்டைக்காம், காஞ்சொறித் தண்டு,
கொப்புளித்த விரல்களோடு கட்டுக்கட்டாய்.
எண்ணெய்க்காம், செர்ரிக் கொட்டை.
வெண்டலின் என்றொரு பொடியன்
வாயிலிருந்து தட்டில் ஒன்றைத் துப்பினான்.
மூன்று நாளாய்ச் சப்புகிறானாம்.
'இன்னும் கொஞ்சம் இனிக்குது' என்றான்,
நாட்டிடம் மன்னிப்புக் கேட்பவன்போல.
ஒரு கிராம் என்று எழுதினேன். முள் அசையவேயில்லை.

நான்காம் வருடம் சுவரொட்டி வந்தது:
பெண்களே, கூந்தல் தாருங்கள்.
தோல் எல்லாம் பூட்ஸுக்குப் போய்விட்டது.
ஆலைச் சக்கரம் சுற்றும் வாருக்கு
இனி மயிர்தான்.
மயிர் என்றா எழுதுவார்கள்?
வாங்குகிறவனுக்கு எப்போதும் நல்ல வார்த்தை கிடைத்துவிடும்.

சீப்பில் சிக்கியதைப் பொட்டலம் கட்டி வந்தார்கள்.
தபால்காரி வால்ட்ராவ்
செம்பட்டைச் சடையை இங்கேயே வெட்டச் சொன்னாள்.
எலும்புக் கத்திரியால் வெட்டினேன்.
பேன் தொல்லை விட்டது என்று சிரித்தவள்
வாசலில் நின்று பிடரியைத் தடவிக்கொண்டாள்.

லுப்பர்ஸ் வீட்டு கெசீனே வந்தது இருட்டிய பிறகு.
குண்டு ஆலையில் மருந்தேறி மஞ்சளான கை
காகிதத்தைப் பிரித்தது.
ஒரு முழச் சடை. வைக்கோல் நிறம்.
நுனியில் நீல ரிப்பன்.
அவள் முடி கறுப்பு.

டர்னிப் தின்ற குளிர்காலத்தில்
அவள் பெண்ணுக்கு என்ன ஆனதென்று
ஊருக்கே தெரியும். நான் கேட்கவில்லை.
அவளாகத்தான் சொன்னாள்:
'வீட்டில் இருந்தால்
காலையில் கை தானாக அதைப் பின்னப் போகிறது.
ஆறு மணி ஷிப்டுக்கு நேரமாகிறது.'

நூற்றுப்பத்து கிராம்.
'தந்தவர் பெயர்' என்ற இடத்தில்
பென்சில் நின்றது.
எட்டிப் பார்த்தவள்
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்: ஹில்கே.
ரசீதை மடித்து
ரொட்டிக் கூப்பன்களோடு வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு சாக்கைக் கட்டும்போது
அந்தச் சடை உள்ளே போக மறுத்தது
என்று சொன்னால் பொய். நான்தான் போடவில்லை.
கணக்கில் நூற்றுப்பத்து குறைகிறது.
மாமனார் காலத்து வித்தை ஒன்று உண்டு:
நிறுப்பதற்கு முன் கறியில் தண்ணீர்.
அதற்காகவே அவரோடு இரண்டு வருடம் நான் பேசவில்லை.
குவளையை எடுத்தேன்.
ஞானஸ்நானம் கொடுப்பதுபோல விரலால் தெளித்தேன்.
முள் நகர்ந்து
சொன்ன இடத்தில் நின்றது.

'ஈரமாயிருக்கே' என்றான் வண்டிக்காரன்.
'அழுதிருப்பார்கள்' என்றேன்.
அவனுக்கு இன்னும் ஏழு நிலையம் பாக்கி.

சடை கல்லாப்பெட்டியில் கிடக்கிறது,
காசு இருந்த இடத்தில்.
கெசீனே தினமும் கடையைத் தாண்டித்தான் போகிறாள்,
உள்ளே பார்ப்பதில்லை.
ஆலையில் தலைக்குமேல் ஓடும் வாரை
அண்ணாந்து பார்க்கிறாளோ என்னவோ.
போய்ச் சொல்லலாம்.
சொன்னால் ரசீது பொய்யாகிவிடும்.

ரிப்பனோடு நிறுத்தேனா, அவிழ்த்தா?
அதுதான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.