எழுத்துக்கு நாற்பது ரூபாய்

பர்கூர் சாலைக் கல்பட்டறைக்கு
கரண்ட் போவதற்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல்:
கறுப்புக் கல், ஆறடிக்கு மூன்றடி,
முகத்துக்கு மட்டும் மெருகு,
ஓரம் உடைத்தது உடைத்தபடியே இருக்கட்டும்.
கல்லறைக்கா என்று கேட்டேன்.
கிட்டத்தட்ட, என்று பதில்.
ஒரு தொழிற்சாலைக்கு.

ஸ்டென்சில் அறுப்பது என் வேலை.
ஜெர்மன் தெரியாது, அதன் எழுத்து தெரியும்:
தலைமேல் இரண்டு புள்ளி வைத்த ஓ,
வயிறு இரண்டாய்ப் பிதுங்கிய எஸ்.
ஒரு புள்ளி விட்டுப்போனால்
கல் கப்பலேறித் திரும்பிவரும்.
அந்தப் பயத்தில் வரிவரியாய்
போனில் போட்டுப் பொருள் பார்த்தேன்.

ராட்டன்பாக் என்றொரு ஆற்றங்கரை.
கோயில்மணி வார்த்துக்கொண்டிருந்த ராட்மாயர்
1838-இல்
இங்கிலாந்து எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பரப்பி
திருகு திருகாய்
கரிக்கட்டியால் சுவரில் வரைந்துகொண்டு
அதேபோல் ஒன்று செய்தார்.
அதேபோல் இல்லை, இரண்டு டன் கூடிப்போயிற்று.
பன்னிரண்டு குதிரை பூட்டித்தான்
தண்டவாளத்துக்கே இழுத்துப்போனார்கள்.

ரயிலை இழுக்கக் குதிரையா,
திம்மராயனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
கிருஷ்ணகிரிக்கு ஒவ்வொரு தேர்தலிலும்
வாயாலேயே இழுக்கிறார்களே, அதற்கு இது மேல்.

இரண்டாவது ஓடியது.
ஐந்தாவதில் மாலை போட்டு ஓர் இளவரசர் ஏறினார்.
ஒன்பதாவது
பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.
கொதிகலன் சோதனை, மார்ச் மாதம், காலை.
அந்த இடத்தில் மூன்று பெயர், வயதோடு.
யோசெப் கிரெய்ல், 41.
மத்தேயஸ் ஹோன், 29.
அலோயிஸ் ஷ்டேகல், 14.
அப்புறம் கடன்.
பத்தொன்பதாவதை வாங்க ஆளில்லை,
சாயப்பட்டறை ஒன்றில் சக்கரம் கழற்றி
வெந்நீர் போடப் பயன்பட்டது.
1857. பூட்டு.

ரப்பர் ஒட்டி, அறுத்து, மணல் பீய்ச்சி
அறுநூற்றுப் பதினோரு எழுத்து.
மூன்று நாள்.
திம்மராயன் முகமூடியைக் கழற்றி
இந்தப் பதினாலு கொஞ்சம் ஆழமாப் போச்சு என்றான்.
சரிசெய்ய முடியாது, கல்லில் அழிப்பான் கிடையாது.

நான்காம் நாள் கடிதம்.
கமிட்டி கூடியதாம். பணம் குறைவாம்.
தவிர, விழா நாளில் குழந்தைகள் பாட வருகிறார்கள்,
ஏழிலிருந்து பத்தாவது வரி வரை வேண்டாம்.
அன்புடன்.

புதுக் கல் வெட்டினோம்.
நிறுவியவர், ஆண்டு, பத்தொன்பது எஞ்சின்.
நானூற்று இரண்டு எழுத்து, பளிச்சென்று.
வெள்ளிக்கிழமை
லாரியில் சென்னைத் துறைமுகத்துக்குப் போயிற்று.
இங்கிருந்து எதுவும் லாரியில்தான் போகும்.

பழைய கல்லை யாருக்கு விற்பது?
முதலாளி கணக்கில் எழுதச் சொன்னார்: சேதாரம்.

பட்டறைக்குப் பின்னால்
மாந்தோப்புக்குள் நீளமாய் ஒரு மண்மேடு.
திருப்பத்தூருக்குச் சின்ன ரயில் போன பாதை.
உலகச் சண்டையில் இரும்பு வேண்டுமென்று
தண்டவாளத்தைப் பிடுங்கிப்போனார்கள்,
மேட்டை எடுத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை.
அதை அறுத்துக்கொண்டு ஓர் ஓடை,
பெங்களூரா சீசனில்
கூழ் ஃபேக்டரி டெம்போ தினம் சிக்கும் இடம்.
அங்கே குறுக்கே போட்டோம்.

முகம் கீழே இருக்கட்டும் என்றேன், பார்க்க நன்றாயிராது.
திம்மராயன் கேட்கவில்லை.
வெறும் மெருகு வழுக்கும், எழுத்து இருந்தால் டயர் பிடிக்கும்.

பிடிக்கிறது.
முன்சக்கரம் இளவரசரைத் தாண்டி
கிரெய்ல் மேல் ஏறி ஒரு நொடி தயங்கி
அந்த ஆழமான பதினாலில் பல் ஊன்றி
மேலே போய்விடுகிறது.

நேற்று மழை.
டெம்போ வரவில்லை.
ஹோனின் ஓ தலையில்
இரண்டு புள்ளியும் நிரம்பியிருந்தன.
ஒன்றில் எறும்பு.