நடுத்தாரை

முதலில் வருவதை விட்டுவிடுங்கள்,
கடைசியையும்.
நடுவில் பிடித்துத் தாருங்கள்.
நாளுக்கு நாற்பது தடவை
நான்கு மொழிகளில் சொல்கிறேன்.
அரபியில் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்க்கிறேன்.

ஸோஹார். ஆகஸ்ட்.
துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளினிக், பின்னறை.
சந்தியாகு நீட்டிய டப்பாவில் கட்டன்சாயா நிறம்.
அறுபது மீட்டர் மேலே கிரேன் ஓட்டுகிறவர்.
ஏணி இறங்கி ஏற முக்கால் மணி,
போர்மேன் குறித்துவைக்கிறான்.
'தண்ணி குடிக்கிறது லேசும்மா.
அங்க வச்சு எங்க போறது?'

மறுநாள் தட்டில்
வெள்ளை வில்லைகளைச் சுற்றி வளையம் தேடினேன்.
நான்கின் ஓரம்வரை புல் போல முளைத்திருந்தது.
அறைக்கூட்டாளி தந்த மிச்ச மாத்திரை,
இரண்டு நாள்,
எரிச்சல் நின்றதும் நிறுத்தம்.
போன வருஷமும் அப்படித்தானாம்.
ஐந்தாவது வில்லைக்கு மட்டும் வளையம் இருந்தது,
ரியால் நாணயம் அளவு.

ஜுலைகாவுக்கு எரிச்சலில்லை, காய்ச்சலில்லை.
ஐந்தாம் மாதம்; வாந்திகூட நின்றுவிட்டது.
தட்டில் ஒரு லட்சம்.
ஹமூதின் தாயாருக்கும் அதே ஒரு லட்சம்,
அதே கிருமி,
குழாய் போட்டு ஒன்பது மாதம்.
இவளுக்கு மாத்திரை எழுதினார் டாக்டர்,
அவருக்கு எழுதவில்லை.
'இருக்கிறது என்று உங்கள் தாளே சொல்கிறதே!'
மேசையைத் தட்டினார் ஹமூத்.
'இருக்கிறது. குடியிருக்கிறது, சண்டை போடவில்லை.
காலி செய்யவைத்தால்
அடுத்து வருவது எதற்கும் மடங்காது.
காய்ச்சலடித்தால், நடுங்கினால்,
நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.'

யோகமலர் நான்கு மாதத்தில் மூன்றாம் முறை.
எஜமானியம்மா கூடவே வந்து
அவளுக்கான எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.
கழிவறைக் கதவு வரைக்கும்தான் வர முடிந்தது அவரால்.
டப்பாவைக் கைமாற்றும்போது ஒரு மூச்சு:
'ராவைக்கு ரூமைப் பூட்டிருவாங்க அக்கா.'
கல்ச்சர் ரிப்போர்ட்டில்
அதற்கு ஒரு கட்டமில்லை.
துண்டுச்சீட்டில் எழுதி
டாக்டரின் ஸ்டெதஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன்.
அன்று அவர் முதல்முறையாக
எஜமானியம்மாவை வெளியே உட்காரச் சொன்னார்.
உள்ளே வெகுநேரம்
யார் குரலும் கேட்கவில்லை.

சந்தியாகுவுக்கு ஏழு நாள் மாத்திரை,
கம்பெனிக்கு ஒரு கடிதம்:
இரண்டு மணிக்கொருமுறை கீழிறங்க விடவும்.

எட்டாம் நாள் வந்தார்.
எரிச்சல் போயிருந்தது.
கடிதம்?
சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்,
மடிப்புக் கலையாமல், வியர்வையில் மை கசிந்து.
'நவம்பர்ல காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும்மா.
அதுக்குப் பிறகு கொடுக்கேன்.'