சினைமறி

காலை எட்டரைக்குச் சைக்கிளைச் சாத்துவேன்
டிவிஷன் தலைமையகத்து மதிலில்.
கோப்பாயில் ஒரு டொக்டரின் வீடு. டொக்டர் ஸ்காபரோவில்.
பெயர்ப்பலகை மட்டும் மணல்மூட்டைகளுக்கு இடையால்
எட்டிப் பார்க்கும்: காது, மூக்கு, தொண்டை.

எண்பத்து மூன்றுக்கு முன்
குருணாகல் தபால் கந்தோரில்
பதினொரு வருடம் முத்திரை விற்றவன் நான்.
அந்தச் சிங்களத்துக்குத்தான் இந்த வேலை.
வியாழக்கிழமைகளில் சனங்களின் தமிழை
மேஜர் ஜெனரல் உடுவாவலவின் மேசைக்குக் கொண்டுபோய்
அவருடைய பதிலோடு திரும்பி வருதல்.

விடிய ஐந்து மணிக்கு அவருக்கு வரைபடம்.
அந்த அறைக்குள் நான் போனதில்லை.
கதவு திறந்து மூடுகிற நேரத்துக்குள்
குடாநாட்டைக் கண்டிருக்கிறேன், குண்டூசிகளோடு.
எங்கள் ஒழுங்கையிலும் ஒன்று குத்தியிருக்கக்கூடும்.

பிறகு பருப்பு.
கப்பல் இரண்டு நாள் பிந்தினால்
ஒன்பதாயிரம் வயிறும் அவருடைய கணக்கு.
பலாலியில் இறங்காத விமானம்,
முன்னரணில் மலேரியா,
நிரம்பி வழிகிற மலக்குழி,
தகப்பன் செத்ததற்கு லீவு கேட்கிற மாத்தறைப் பொடியன்
(விமானம் இறங்கினால்தானே லீவு),
முகாமுக்குள் குட்டி போட்ட நாய்களை
என்ன செய்வது என்ற கடிதம்கூட
அவருடைய கையெழுத்துக்குத்தான் வரும்.

சனங்கள் பத்து மணிக்கு.
நீர்வேலி வாழைக்குலை லொறிக்குப் பெர்மிட்.
பங்கருக்குத் தறித்த பனை இருபத்து மூன்று;
பத்தொன்பது என்கிறார் கப்டன்.
திருவிழாவுக்கு ஊரடங்கைத் தளர்த்தச் சொல்லி
தர்மகர்த்தா.
சுவாமி எத்தனை மணிக்கு உள்ளே போவார், கேட்டார் ஜெனரல்.
ஒன்பது.
எட்டரை என்று எழுதினார்.

இருபாலைத் தெய்வானைப்பிள்ளையின் ஆட்டின் மேல்
கவசவாகனம் ஏறிவிட்டது.
கிடாயா மறியா என்று கேட்கச் சொன்னார்.
சினைமறி, என்றா.
சினைக்குச் சிங்களம் வரவில்லை எனக்கு;
தபால் கந்தோரில் தேவைப்படாத சொல்.
வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து
இரண்டு ஆட்டுக்குக் காசு எழுதினார்.

நல்ல மனிசன் என்று மனதுக்குள் சொன்னேன்.
இப்போதும் அதை முழுதாக அழிக்கவில்லை.

அடுத்தது உரும்பிராய் இராசமலர்.
மகன் நிமலரூபன், பத்தொன்பது வயது.
டியூசனுக்குப் போன பிள்ளை.
சென்றியில் மறித்ததை ஐஸ்பழக்காரன் கண்டிருக்கிறான்.
சைக்கிள் நம்பரும் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தா.

கோப்பு வந்தது.
விரலால் பட்டியலில் இறங்கினார்,
பக்கம் புரட்டி இன்னும் இறங்கினார்.
எயா அபி லங்க நே.

நாலே சொல். சினை மாதிரிக் கஷ்டமில்லை.
அவர் எங்களோடு இல்லை.
பேப்பரின் கடைசிப் பக்கத்தில், படத்துக்குக் கீழே,
நாங்கள் போடுகிற வரியும் அதுதானே.
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

இஞ்ச இல்லையாம், அம்மா.

‘இஞ்ச’ அவர் சொல்லாதது.
அத்தனை வியாழனிலும்
நான் என் கையால் போட்ட ஒரே சொல்.
அவ அதை அப்படியே பிடித்துக்கொண்டா:
இஞ்ச இல்லையெண்டா, அப்ப எங்க?

அதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.
அவர் எழும்பிவிட்டிருந்தார்.
பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த்தாங்கி திறப்பு,
நாலு மணிக்குச் செஞ்சிலுவைக்காரரிடம்
ஏழு உடல், எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
இரவில் மாத்தறைக்கும் பொலநறுவைக்கும்
தாய்மாருக்குக் கடிதம்.
அவற்றைத் தட்டச்சுக்குக் கொடுப்பதில்லையாம்,
கையாலேயே எழுதுவாராம்.

ஆவணியில் அவர் மாற்றலாகிப் போனார்.
புதியவர் வந்ததும் முதலில் குண்டூசிகளை மாற்றினார்கள்.

இராசமலர் வியாழன் தவறாமல் வருகிறா.
உள்ளே போகத் துண்டு எடுப்பதில்லை இப்போது.
மதிலடியில், என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று
என்னைத்தான் கேட்கிறா.