வியாழன், நாலு மணி

வர்க்கி அடுப்பு நாலு மணிக்கு ஓயும்.
தீ போனாலும் செங்கல் ஏழு வரைக்கும் சுடும்.
அந்தச் சூடு வீணாகிறதே என்றுதான்
சம்சுதீன் எங்களை முதலில் கூப்பிட்டான்.
கோத்தகிரி டிசம்பரில்
இதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது.

மைதா மூட்டைகள்மேல் நாலு பேர்.
பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் முகங்கள் வரைந்து
முதலாளியிடம் திட்டு வாங்கும் சம்சுதீன்.
பெள்ளி, கேரட் லாரி ஓட்டுகிறவன்;
மேட்டுப்பாளையம் இறக்கத்தில் வளைவுக்கு ஒன்றாய்
மெட்டு தோன்றும், செல்போனில் முனகி வைப்பான்.
தேவகிருபை, எஸ்டேட் பள்ளியில் கணக்கு டீச்சர். கதைக்காரி.
நான் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவள்,
சீட்டு தீர்ந்த நேரத்தில் கவிதை.

முடிந்ததைக் கொண்டுவரக் கூடாது,
முடியாததைக் கொண்டு வா. அதுதான் விதி.
"நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பிப்பவர்
நாலு டீக்கும் காசு கொடுக்க வேண்டும்.

சாமி பற்றி யாரும் பேசியதில்லை.
மஃரிபுக்கு சம்சுதீன் எழுந்து போவான்,
வரும்வரை யாரும் படிக்க மாட்டோம், அவ்வளவுதான்.
எனக்கு எந்த வழிபாடும் கைகூடவில்லை.
எதிரே ஒருவர் குரல் நடுங்கப் படிக்கையில்
என் முறை எப்போது என்று எண்ணாமல்
காது கொடுத்து உட்கார்ந்திருப்பது,
அது ஒன்றைத்தான் ஆறு வருஷமாய்ப் பழகுகிறேன்.
இன்னும் வரவில்லை.

போன ஆடியில் கிருபையின் கதைகளைக்
கோவைப் பதிப்பகம் ஒன்று கேட்டு எழுதியது.
மூன்று பேரும் கத்தினோம்.
நான்தான் அதிகம் கத்தினேன்.
பிறகு கட்டபெட்டு பஸ்ஸில், மஞ்சு மூடிய ஜன்னலில்
விரலால் அவள் பெயரை எழுதி
உள்ளங்கையால் அழித்தேன்.
முன்சீட்டிலிருந்து ஒரு குழந்தை
திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

அடுத்த வியாழன் கடைசிக் கதையோடு வந்தாள்.
லைன் வீட்டை விட்டு ஒருத்தி புறப்படுகிறாள்.
பதினோரு பக்கம் மூச்சு விடாமல் வந்து
"அவள் அழுதாள்" என்று முடிந்தது.
"என்னமோ இடிக்குது" என்றாள் கிருபை.
பெள்ளி தலையைச் சொறிந்தான்.
சம்சுதீன் அடுப்புக் கதவைத் திறந்து மூடினான்.

இடிப்பது எது என்று எனக்குத் தெரியும்.
அங்கே என்ன வர வேண்டும் என்பதும் தெரியும்.
என் நோட்டில் மூன்று வருஷமாய் ஒரு வரி,
எந்தக் கவிதைக்கும் கொடுக்க மனசில்லாமல்.
சும்மா இருந்திருக்கலாம்.
வாயை மூடிக்கொண்டதற்கு
எந்தச் சாமியும் கணக்குக் கேட்காது.

தேயிலைக்குள் காட்டுமாடு நிற்குமே,
விலகாது, வராது, பார்த்துக்கொண்டே நிற்கும்,
அப்படி நின்றது அந்த வரி.
டீயில் ஆடை படிந்தது.

"அழ வேணாம்" என்றேன்.
"விளக்கை அணைக்காமலே அவள் கிளம்பிப் போனாள்னு எழுது."

சொன்னதும் வயிறு காலியானது.
நோன்பு மூன்றாம் நாளுக்கு மேல்
பசி ஒரு ஓரமாய் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும் என்று
சம்சுதீன் சொல்வான்.
எனக்கு அது ஒதுங்கவெல்லாம் இல்லை,
கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

மாசியில் புத்தகம் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப்
பெள்ளி உரக்கப் படித்தான்.
"விளக்கை அணைக்கவில்லை."
இரண்டே சொல். மீதியை வெட்டியிருந்தாள்.
என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

கிருபை என்னைப் பார்க்கவில்லை.
தட்டில் ஓரம் கருகிய வர்க்கியைத் தேடி
என் பக்கம் தள்ளினாள்.
அதுதான் எனக்குப் பிடிக்கும்.

"நல்லா இருக்கு" என்றேன்.
பர்ஸைத் திறந்து
நாலு டீக்கும் எண்ணி வைத்தேன்.